அன்னம் பெருக்கும் விரதம்



தைத்திரீய உபநிஷதத்தின் பிருகு வல்லியில், வருணனின் மைந்தரான பிருகு தந்தையின் சொற்படி தவம் புரிந்து பிரம்மத்தை நாடுகிறார். தவத்தின் முதற்படியில் அவர் உணர்வது அன்னமே பிரம்மம் என்பதை. பின்னர் பிராணன், மனம், விஞ்ஞானம், ஆனந்தம் எனப் படிப்படியாக அவர் உயர்கிறார். ஆனந்தத்தைக் கண்ட பிறகும் உபநிஷதம் அன்னத்தை விட்டுவிடவில்லை. மீண்டும் அதனிடமே வந்து நான்கு விரதங்களை விதிக்கிறது. அன்னத்தை இகழாதிருத்தல், அதைப் புறக்கணியாதிருத்தல், அதைப் பெருக்குதல், இல்லம் நாடி வந்தவரை மறுக்காதிருத்தல் என்பவையே அவை.

இவற்றுள் மூன்றாவது விரதம் உழவர்களுக்கு மட்டுமே உரியது என்று நகரவாசிகள் எண்ணிவிடுகிறோம். நிலம் இல்லாதவன் அன்னத்தைப் பெருக்குவது எங்ஙனம்? இதற்குப் பெங்களூரு நகரம் அழகிய விடையொன்றைத் தந்திருக்கிறது.

அந்நகருக்கும் காய்கறிக்கும் உள்ள உறவு பழமையானது. நாம் 'பெங்களூர் கத்தரிக்காய்' என்றழைக்கும் சௌசௌ மெக்சிகோ நாட்டுக் கொடி. லால்பாக் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் கேமரன், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனை இங்கு அறிமுகம் செய்தார். அன்று ஒவ்வொரு வீட்டுக்கும் கொல்லைப்புறம் இருந்தது. இன்று அடுக்குமாடிகள் பெருகிக் கொல்லைப்புறம் மறைந்துவிட்டது. ஆயினும் டாக்டர் பி.என். விஸ்வநாத் என்ற வேளாண் அறிஞர், மொட்டைமாடியே நகரவாசியின் கழனி என்று 1990-களிலிருந்து பலருக்கும் பயிற்சியளித்து வந்தார். 2011-இல் 'ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா' என்ற சந்தையும் தொடங்கப்பெற்றது. கன்னடத்தில் 'ஊட்டா' என்றால் உணவு, 'தோட்டா' என்றால் தோட்டம். விதை, தொட்டி, எரு ஆகியவற்றுடன் அனுபவமும் அங்கே கைமாறியது.

இம்முயற்சியில் ஆன்மிகம் எங்கே என்று ஐயுறலாம். நம் சமையலறைக் கழிவைச் சற்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது காய்த்தோலும் மீந்த உணவுமே. பெங்களூருவின் குப்பை ஆண்டுக்கணக்கில் புறநகரிலுள்ள மண்டூர் கிராமத்தில் மலையாகக் குவிக்கப்பட்டது. துர்நாற்றமும் கெட்டுப்போன நீரும் தாளாமல் கிராம மக்கள் போராடினர். 2014-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அங்கு கொட்டுவது நின்றது. நாம் உண்டோம், மிச்சம் பிறர் வாசலில் அழுகியது. இது அன்னத்தை இகழ்ந்ததே ஆகும். அதே தோலைக் காய்ந்த சருகுடன் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் மண்மணம் கமழும் எருவாகிறது. புறக்கணியாதிருத்தல் என்ற விரதம் இவ்வாறு ஒரு மூடியிட்ட வாளியில் நிறைவேறுகிறது.

மற்றொரு கேள்வி இன்னும் கூர்மையானது. 2024-ஆம் ஆண்டு கோடையில் பெங்களூருவில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டன. மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றனர். அம்மார்ச் மாதத்தில் குடிநீரைத் தோட்டத்திற்குப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் ஆணையிட்டது. அண்டை வீட்டார் குடத்துடன் நிற்கையில் நாம் செடிக்கு நீரூற்றுவது தர்மமா?

நிச்சயமாக அன்று. பெங்களூருக்கு வரும் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகிறது. அதைக் குழாயால் பீய்ச்சி வளர்க்கும் தோட்டம் அகங்காரத் தோட்டமேயன்றி வேறில்லை. ஆனால் அரிசியும் பருப்பும் காயும் கழுவிய நீர் எங்கே போகிறது? அதைச் சேமித்து மாலையில் வேரடியில் வார்த்து, மண்ணின் மேல் சருகால் மூடினால் சில தொட்டிகள் அந்நீரிலேயே தழைக்கும். நீருக்கேற்ற அளவே தோட்டம் என்ற அடக்கம் இங்கே சாதனையாகிறது.

இளையான்குடி மாற நாயனாரை நினைவு கொள்ளுங்கள். செல்வம் அனைத்தும் தேய்ந்த பின், மழை கொட்டும் நள்ளிரவில் அடியார் ஒருவர் பசியுடன் வந்தார். நாயனார் இருளில் வயலுக்குச் சென்று, அன்று பகலில் விதைத்த நெல்லை வாரி வந்தார். வீட்டுக் கூரையின் மரத்தை அறுத்து விறகாக்கினார். கறிக்கு என் செய்வது என்றபோது, கொல்லையில் இன்னும் முற்றாத கீரையைப் பறித்து வந்தார். அவர்தம் மனைவியார் அதனையே பலவகைக் கறியமுதாகச் சமைத்தார். வந்தவர் சிவபெருமானே. அந்தச் சிறு கொல்லை இல்லையேல் நான்காவது விரதம் அவ்விரவில் குறைவுபட்டிருக்கும் அன்றோ!

நம் தோட்டம் குடும்பத்தின் முழு உணவையும் தந்துவிடாது. அரிசியும் பருப்பும் உழவர் கையிலிருந்தே வர வேண்டும். ஒரு தக்காளி பூத்துக் காய்த்துப் பழுக்க எத்தனை நாள் காத்திருக்க நேர்கிறது, ஒரே இரவில் புழு அதை எப்படித் துளைத்துவிடுகிறது என்று கண்டவன், சந்தையில் உழவரிடம் ஒரு ரூபாய்க்குப் பேரம் பேச நாணுவான். தோட்டம் தரும் முதல் விளைச்சல் இப்பணிவே.

ஆகவே இம்மாதம் ஒரே ஒரு தொட்டியுடன் தொடங்குங்கள். நாளில் நான்கைந்து மணி நேரமேனும் வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். செம்மண், எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் கலந்து சிறுகீரை விதையைத் தூவுங்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிக்கலாம். பின்னர் தொட்டிகளைப் பெருக்குவதாயின், ஒரு கன அடி ஈரமண் 45 கிலோ அளவுக்குக் கனக்கும் என்பதை மறவாமல், மாடியின் வலிமையையும் நீர்க்கசிவையும் அறிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நஞ்சு தெளிக்காதீர்கள்; சில இலைகள் பூச்சிக்கும் அணிலுக்கும் போகட்டும். அது பூத யக்ஞம்.

முதற்கீரையை இறைவனுக்கு நிவேதனம் செய்து, அதில் பாதியை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். பெயர்கூட அறியாமல் ஆண்டுகளாய் அடைந்து கிடக்கும் கதவுகள் ஒரு பிடி கீரையால் திறக்கக்கூடும். அக்கதவின் பின்னே நிற்பவனும் அவனே. அன்னமாய் நிறைந்த பரம்பொருள், நம் அனைவரின் கரங்களையும் அன்னம் பெருக்கும் கரங்களாக ஆக்கியருளப் பிரார்த்திப்போமாக.