மாதிரியும் மனச்சாட்சியும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் வழக்கு. ஒரு பகுதியைக் கொண்டு முழுமையை அறியும் முறையை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது. ஆயினும் இவ்வழக்கின் வெற்றி சோற்றின் இயல்பிலேயே தங்கியுள்ளது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. அதன் மேலும் அகப்பையாற் கிளறிய பின்னரே பதம் பார்க்கப்படுகிறது. மனித சமுதாயமோ ஒருவராலும் கிளறப்படாத பானை. அடியிற் கருகுவதும் மேலே வேகாதிருப்பதும் அங்கு இயல்பு. மேலே கிடப்பதை நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானை முழுவதற்கும் தீர்ப்புக் கூறும் உரிமை ஆய்வாளனுக்கு எங்கிருந்து வந்தது? இது புள்ளிவிபரவியலுக்கு மட்டும் உரிய வினாவன்று. ஒருவரைக் கேளாமலே அவர் பெயராற் பேசுதல் எப்பொழுது நேர்மையாகும் என்ற அறவியல் வினாவும் இதனுள் அடங்கியுள்ளது.

1936ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலையொட்டி ‘லிற்றரரி டைஜெஸ்ற்’ என்னும் சஞ்சிகை நடத்திய கணிப்பு ஈண்டு நினைக்கத்தக்கது. முந்திய தேர்தல்களில் வெற்றியாளரைச் சரியாகக் கூறிப் பெயர்பெற்றிருந்த அச்சஞ்சிகை, ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குத்தாள்களை அஞ்சலில் அனுப்பியது. 23 இலட்சத்துக்கு மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றைக் கொண்டு, இரு பிரதான வேட்பாளருள் குடியரசுக் கட்சியின் அல்ஃபிரட் லாண்டன் 57 வீதம் பெற்று வெல்வாரென அறிவித்தது. நடந்ததோ வேறு. ஃபிராங்ளின் றூஸ்வெல்ற் ஏறத்தாழ 61 வீத வாக்குகளைப் பெற்று, அன்றிருந்த 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். ஜோர்ஜ் கலப் என்பவர் மிகச் சிறிய தொகையினரையே வினவி றூஸ்வெல்ற்றின் வெற்றியை முன்கூட்டியே சொல்லியிருந்தார். 1938இல் அச்சஞ்சிகை நின்றுபோயிற்று.

முகவரிகள் எடுக்கப்பட்ட இடத்திலேயே முதற்பிழை நேர்ந்தது. தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வாகனம் பதிந்தோர் ஆகியோரின் பட்டியல்களே பெரிதும் பயன்பட்டன. பெருமந்தத்தால் வேலையிழந்து நின்றவனின் பெயர் அப்பட்டியல்களில் அரிதாகவே இருந்திருக்கும். இரண்டாவது பிழை நுண்ணியது. வாக்குத்தாள் கிடைத்தோரிற் காற்பங்கினருக்கும் குறைந்தோரே அதனைத் திருப்பி அனுப்பினர். அனுப்பியோர் ஆட்சி மாற்றத்தில் ஆர்வம் மிகுந்தோராய் இருந்தனர். தாள் கிடைத்த அனைவரும் விடையளித்திருப்பின் அதே பட்டியலே றூஸ்வெல்ற்றின் வெற்றியைக் காட்டியிருக்கும் என 1988இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. பேசாதிருந்தோரும் பேசியோரைப் போன்றோரே எனக் கொண்டது தவறாயிற்று. தொகையின் பெருமையோ இத்தவறை மறைப்பதற்கே உதவியது. கோடலுடைய தராசில் நூறு முறை நிறுத்தாலும் நிறை சரியாகிவிடுவதில்லை.

எந்த மாதிரியும் முழுமையினின்று சிறிது வேறுபடவே செய்யும். இவ்வழு தவிர்க்கமுடியாதது, எழுமாற்றாகத் தெரிந்தெடுத்த மாதிரியில் அதன் பருமனைக் கணித்துக் கூறவும் இயலும். எனவே அது எவருடைய குற்றமுமன்று. ஆனால் எளிதில் அகப்படுவோரை மட்டும் வினவிவிட்டு மக்கள் கருத்து என்று எழுதுவது வேறு வகையைச் சேர்ந்தது. எழுமாற்று முறை கணித வசதிக்காக மட்டும் ஏற்பட்டதெனக் கொள்ளுதல் பொருந்தாது. அதில் ஆய்வாளன் தன் விருப்பு வெறுப்பைத் துறக்கின்றான். குடித்தொகையின் ஒவ்வோர் உறுப்புக்கும் தெரிவு செய்யப்படும் வாய்ப்பு உறுதியாகின்றது.

ஆயினும் குலுக்கல் நேர்மையாயிருப்பது மட்டும் போதாது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் விவரிக்கும் குடவோலை முறை தமிழ் மாணவர் அறிந்ததே. குடத்திலிட்ட ஓலையைச் சிறுவனொருவன் எடுப்பான். அதிற் சூதுக்கு இடமில்லை. ஆனால் பொதுவாகக் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையும் கல்வியும் உடையோரின் பெயரே குடத்துட் புகுந்தது. உழுதவன் பெயர் எழுதப்படாத குடத்தை எத்துணை நேர்மையாகக் குலுக்கினும் அவன் பெயர் வெளிவரப்போவதில்லை. நம் மேடைகளில் இம்முறையைப் போற்றுவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் கூறாது விட்டுவிடுகின்றனர்.

இலங்கையிலும் இதற்கொத்த நிலைமை இருந்தது. 1990/91, 1995/96, 2002 ஆகிய ஆண்டுகளில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய வீட்டு வருமானச் செலவின ஆய்வுகளில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் இடம்பெறவில்லை. நாட்டின் எல்லா மாவட்டங்களும் 2012/13ஆம் ஆண்டு ஆய்விலேயே அடங்கின. போர் நடக்கும் நிலத்தில் வீடுவீடாகச் சென்று செலவு கேட்க முடியாதென்பது உண்மை. விலக்கப்பட்ட பகுதிகள் எவையென்று அறிக்கைகளிற் குறிக்கப்பட்டும் இருந்தன. ஆகவே கணக்கெடுத்தோரைப் பொய்யரென்பது நீதியன்று. தவறு பின்னரே நேர்கின்றது. அட்டவணையிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து பாடநூலுக்கும் எண் பயணஞ் செய்கையில் அடிக்குறிப்பு வழியில் உதிர்ந்துவிடுகின்றது. ‘வடக்கு கிழக்கு நீங்கலாக’ என்றிருந்த சராசரி ‘இலங்கையின் சராசரி’ ஆகிவிடுகின்றது. இடம்பெயர்ந்து கொட்டிலில் வாழ்ந்த குடும்பத்தின் வறுமை அவ்வெண்ணிற் குறைத்துக் காட்டப்படவில்லை; அது அங்கு இல்லவேயில்லை. அடிக்குறிப்பை நீக்கி மேற்கோள் காட்டும் மாணவனும் இதிற் பங்காளியே.

இத்தகைய விலக்கல் நிகழப் போர் வேண்டுமென்பதுமில்லை. பகற்பொழுதில் தேயிலைத் தோட்ட லயத்துக்கு வினாக்கொத்துடன் செல்பவன் பெரும்பாலும் முதியோரையும் சிறுவரையுமே காண்பான். கொழுந்து கொய்யப் போன பெண்கள் மாலையிலேயே திரும்புவர். பூட்டிய காம்பராவுக்குப் பதிலாகத் திறந்திருக்கும் அடுத்த காம்பராவை எழுதிக்கொண்டால் இருநூறு என்ற தொகை நிறைந்துவிடும். மேற்பார்வையாளருக்கும் ஐயம் எழாது. மாலையில் மீண்டும் வருவதற்கு பஸ் இல்லையென்று அவன் கூறலாம். அது மெய்யாகவும் இருக்கலாம். அவ்வாறாயின் அக்காம்பரா விடை பெறப்படாத வீடென்றே அவனுடைய அட்டவணையிற் பதியப்படல் வேண்டும்.