சவரமும் வைராக்கியமும்

கையில் காசு குறைந்த காலத்தில், சவரத்துக்கென்று தனியே விற்கும் சோப்பையோ க்ரீமையோ வாங்காமல், குளிக்கிற சோப்பையே கன்னத்தில் குழைத்துக்கொள்ளும் ஒருவன் செய்வது வெறும் சிக்கனமா, அல்லது தேவைக்குமேல் உடைமை கொள்ளாமையை நம் பெரியோர்கள் அபரிக்கிரகம் என்று போற்றிய விரதத்தின் ஒரு சிறு அங்கமா என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமயங்கள் சவரம் என்ற இந்தக் காரியத்தை என்றுமே அற்பமாக எண்ணியதில்லை. பௌத்த பிக்ஷு தன்னுடையதென்று வைத்துக்கொள்ளத் தக்க எட்டுப் பொருள்களில், மூன்று சீவர ஆடைகள், பிக்ஷா பாத்திரம், இடைக்கச்சு, ஊசி, நீர் வடிகட்டி ஆகியவற்றோடு சவரக் கத்தியும் ஒன்று; அதற்குமேல் தேய்த்துக்கொள்ள எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. சமண முனிவர்களோ கத்தியும் வேண்டாமென்று ரோமத்தைக் கையாலேயே பறித்துவிடும் கடுந்தவத்தை மேற்கொண்டார்கள். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரிலிருந்த சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு வாழ்ந்த நாளில் அப்பர் சுவாமிகளும் அந்த நெறியில் நின்றவரே. வள்ளுவரோ, கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தில், நடத்தை தூயதாக இருப்பவனுக்குத் தலைமுடியைக் கொண்டு போடும் வேடம் எதுவும் தேவையில்லை என்று இந்த விவகாரத்தையே முடித்துவிட்டார்.

கத்தியின் விஷயத்தில் சமயங்கள் ஒன்றுபடுவதைச் சிதம்பரத்தை அடுத்த இந்த வட்டாரத்திலேயே காணலாம். மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். வழியில் தைக்காலில் முஸ்லிம் பெருமக்கள் அவரை எதிர்கொண்டு மரியாதை செய்கிறார்கள். ஹஜ் யாத்திரையின் முடிவில் தலைமுடி களைகிற அவர்களுக்கும், பிரார்த்தனைக்காக முடியிறக்குகிற இந்து பக்தர்களுக்கும் கத்தியின் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். முடி காணிக்கை செலுத்துமிடத்தில் நாவிதரின் கையைக் கவனித்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். அவர் பக்தனைக் குனியவைத்துத் தலையில் தண்ணீரை வார்த்து, இரண்டு உள்ளங்கைகளாலும் மயிர்க்கால் நனையும்வரை பிசைந்துவிட்டு, உச்சியிலிருந்து கத்தியை இறக்குகிறார், சோப்பைத் தொடுவதேயில்லை. ரோமத்தை இளக்குவது தண்ணீர்தான். சோப்பு தோலின் எண்ணெய்ப் பசையை நீக்கித் தண்ணீருக்கு வழிவிட்டு, அதைச் சற்று நேரம் பிடித்துவைத்து, கத்தி வழுக்கிச் செல்ல உதவுகிறது; அவ்வளவே. சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசிய உப்பும் மிகுந்திருப்பதால் நுரை கெட்டியாக நிற்கும். பெரும்பாலும் சோடிய உப்பாலான குளியல் சோப்பின் நுரை சீக்கிரம் அடங்கிவிடும். ஆகவே விவரமறிந்தவன் குளித்தெழுந்து முகம் ஊறியிருக்கும் வேளையில், ஒரு கன்னத்துக்கு மட்டும் குழைத்து, அதை வழித்து முடித்தபின்பே மறு கன்னத்துக்குப் போகிறான். உப்பங்கழியும் சுரபுன்னைக் காடும் சூழ்ந்த கிள்ளைப் பக்கத்தில் உவர்த்த கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு இதைச் செய்தால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சோப்பு திரிதிரியாகத் திரளுமேயன்றி நுரைக்காது. குடிக்கப் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில் ஒரு செம்பு இதற்கென்று ஒதுக்கத்தான் வேண்டும். வெட்டுப்பட்டால் படிகாரக் கட்டி இருக்கிறது.

இத்தனை கருத்தோடு செய்கிறவனுடைய செயலைத் தவம் என்று சொல்லிவிட மனம் அவாவுகிறது. ஆனால் துறவாவது உள்ளதை விடுவது. கிட்டாததை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் துறவுக்கு இடமில்லை. வசதியுள்ளவன் ஏழையின் சிக்கனத்தைப் பார்த்து இதுவல்லவோ வைராக்கியம் என்று புகழ்வானானால், அவன் நிர்ப்பந்தத்துக்குப் புண்ணியம் என்று பெயர் சூட்டித் தன் கடமையிலிருந்து விலகிக்கொள்கிறான். அதை நான் அதர்மம் என்றே கருதுகிறேன்.

அப்படியானால் நிர்ப்பந்தத்தால் நேர்ந்தது சாதனையாகவே முடியாதா? காந்தியடிகள் சத்திய சோதனையில் எழுதியிருக்கும் ஒரு சம்பவம் இங்கே நினைக்கத்தக்கது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் ஆங்கிலேய நாவிதர் ஒருவர் அவருக்கு முடிவெட்ட இகழ்ச்சியோடு மறுத்துவிடவே, மனம் நொந்த அவர் உடனே கத்திரி ஒன்றை வாங்கிக் கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருவாறு அமைந்தது, பின்பக்கம் கெட்டுப்போயிற்று, நீதிமன்றத்து நண்பர்கள் எலி கடித்ததோ என்று கேட்டுச் சிரித்தார்கள். சுயஉதவி என்று இதை அவர் பெருமை பேசியிருக்கலாம். அவரோ அந்த நாவிதர்மேல் குற்றமில்லை, கறுப்பருக்கு வெட்டினால் அவருக்கு வாடிக்கை போய்விடும் என்று சொல்லி, நம் நாவிதர்கள் தீண்டப்படாதாருக்குத் தொழில் செய்ய நாம் விடுவதில்லையே, அந்தப் பாவத்தின் பலனையே இங்கே அனுபவிக்கிறேன் என்று எண்ணிக் கோபத்தை அடக்கிக்கொண்டார். அவமானத்தால் கையில் ஏறிய கத்திரியை ஆத்ம பரிசோதனைக்குக் கருவியாக்கிக்கொண்டது அவருடைய சித்தம்; அருகில் நின்று வேறொருவர் அப்படிப் பெயரிட்டிருந்தால் அது கொடுமையாகவே இருந்திருக்கும்.

நந்தனார் கதையைச் சுமந்து நிற்கும் சிதம்பரத்தில், 1916-ல் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரால் கல்விச்சாலை தொடங்கவேண்டியிருந்த இந்த வட்டாரத்தில், ஊர் நாவிதரின் கை தம் தலையில் படாது என்ற விதியால் தாமே தமக்கு மழித்துக்கொண்டவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அவர்களுடைய எளிமையை யார் விரதம் என்று சொல்ல முடியும்?

பிறர் செய்யத்தக்கது நிர்ப்பந்தத்தைக் குறைப்பது ஒன்றே. 2021-ல் அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணமில்லை என்று தமிழக அரசு அறிவித்ததையும், அங்கே பணிபுரியும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை ஏற்பட்டதையும் இந்த வகையில் ஒரு தர்ம காரியமாகவே மதிக்கிறேன். பிரார்த்தனை செய்தவனும் கத்தி பிடித்தவனும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக் கூசும் நிலை அதனால் சற்றே தணிந்தது. உவர் நிலத்து ஊர்களில் நல்ல தண்ணீர் வாசலுக்கு வந்து, விரும்பினால் வாங்கிக்கொள்ளக் கையில் காசும் இருக்கிற நாளில், எனக்குக் குளியல் சோப்பே போதும் என்று ஒருவன் சொல்வானானால், அது அவனுடைய சொந்த வாக்கு; அதை வைராக்கியம் என்று அழைக்க அப்போது எனக்குத் தயக்கமில்லை.