எவர் சபை? – ஊவா மலைகளை முன்னிறுத்தி ஒரு சிந்தனை

தமிழிலே கிறிஸ்தவம் வழங்கும் சொற்களுள் விசுவாசம் என்பதைப் போல இருபொருட்பட்டு நிற்பது வேறொன்று உண்டா என்பது ஐயமே. ஆலயத்தினுள்ளே அது இறைவனிடத்து மனிதன் கொள்ளும் பற்றுறுதியைக் குறிக்கும். ஆலய வாயிலைக் கடந்ததும் அதே சொல் எசமானுக்கு ஏவலாள் காட்டும் நன்றியைக் குறிக்கத் தொடங்கிவிடும். நாயின் குணமாகவும் அதனையே நாம் சொல்லுகிறோம். நகரத்துக் கிறிஸ்தவருக்கு இவ்விரு பொருளும் மோதுவதில்லை. பதுளை, பசறை, அப்புத்தளை, கொஸ்லாந்தை ஆகிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலோ நிலைமை வேறு. விடியற்காலைப் பிரட்டுக்களத்திலே துரையும் கங்காணியும் எதிர்பார்த்ததும் விசுவாசம். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் போதித்ததும் விசுவாசம். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவரே. இவ்விரண்டும் ஒன்றா, வேறா என்று அவருக்கு விளக்கும் கடமை எவருடையது?

இவ்வினாவைச் சொல்லாற் கேட்டவர் பலர். வாழ்வாற் கேட்டவருள் ஒருவர் பதுளை மறைமாவட்டத்தின் முதலாவது கத்தோலிக்க ஆயர் லியோ நாணயக்கார. அவர் எண்ணியதையும் செய்ததையும் வைத்துச் சபை என்பது என்ன, அதற்குள் யார் யார் அடங்குவர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எழுதுபவன் கத்தோலிக்கனல்லன், ஆகவே மறையியலிற் புகுந்து தீர்ப்புக் கூறும் உரிமை அவனுக்கில்லை. ஆயினும், ஒரு கூட்டத்தார் தம்மை எவ்வாறு கூட்டம் என்று அறிந்துகொள்கின்றனர் என்பது எல்லோர்க்கும் பொதுவான அறவினா.

முதலில் ஆயர் என்ற சொல்லை நோக்குவோம். பழந்தமிழில் முல்லை நிலத்து மக்களைக் குறித்த அது, இன்று மறைமாவட்டத் தலைவரைக் குறிக்கிறது. ஆயர் மேய்ப்பர்; மக்கள் மந்தை. உவமை அழகியது. மந்தையாக ஓட்டப்பட்ட அனுபவம் இல்லாதவர்க்கு அது அழகாயிருப்பதில் வியப்பொன்றுமில்லை. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும், தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து மன்னார் வழியாக மலைநாட்டுக்கு நடந்து வந்தோரை முன்னின்று நடத்தியவன் கங்காணி. வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் இத்தனை சதம் எனத் தலைக்காசு பெற்றவனும் அவனே. வழி தெரிந்தவன், முன்னே நடப்பவன், தலைகளை எண்ணுபவன் – இலக்கணப்படி பார்த்தால் அவனும் மேய்ப்பனே! 1854இல் ஆங்கிலிக்க மிஷனரிச் சங்கத்தின் துணையோடு தோட்டத்துரைமார் சிலர் தொடங்கிய மிஷன், 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரையே நெடுங்காலம் தாங்கி நின்றது. போதகர் லயத்துக்குட் செல்வதற்குத் துரையின் இசைவு வேண்டியிருந்தது. இசைவு தந்தவனைக் கடிந்து பேசும் போதனையை அத்தகைய சூழலில் எதிர்பார்த்தல் அரிது.

யாருடைய பெயர் கல்லில் நிற்கும், யாருடையது நில்லாது என்பதற்குப் பதுளை நகரிலேயே ஒரு சான்று உண்டு. அங்குள்ள புனித மாற்கு ஆலயம், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் றொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பேசப்படுபவர் அவர். அவர் காலத்துக்குப் பின் அம்மலைகளை வெட்டித் திருத்தித் தேயிலை நட்டு மாண்ட கூலியாட்களுக்கு ஆலயமுமில்லை, கல்லுமில்லை.

அவர்களுக்கு இருந்தவை ஏடுகளே. இதனைச் சற்று விரித்துக் கூற வேண்டும். தோட்டத் தொழிலாளி ஒருவனுடைய பெயர் மூன்று ஏடுகளில் இடம்பெறலாம். முதலாவது, தோட்டத்துச் செக்றோல். அதில் அவன் இத்தனை நாட் பேர், இத்தனை இறாத்தல் கொழுந்து. இரண்டாவது, அரசின் குடியுரிமை ஏடு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை அவ்வேட்டுக்கு வெளியே நிறுத்தியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் கதவைச் சிறிது திறந்ததெனினும், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எழுத்தறியாத ஒருவர், தம் தந்தையும் தாமும் பிறந்த லயத்திலேயே தாம் வாழ்ந்தமைக்குக் காகிதம் தேடி அலைந்த கதைகள் எத்தனை! மூன்றாவது, கிறிஸ்தவர்களாயின், பங்கின் திருமுழுக்குப் பதிவேடு. அதிலே அவருக்குப் பெயர் உண்டு. தாய் தந்தையர் பெயர் உண்டு. அவருக்காகப் பொறுப்பேற்கும் ஞானத்தாய் தந்தையர் பெயரும் உண்டு.

மூன்றாம் ஏடே உயர்ந்தது என்று இவ்விடத்துக் கூறிவிடுவது எளிது. மனிதனைக் கொழுந்தின் நிறையாகவோ, நாடற்றவனாகவோ காணாது மகனாகவும் மகளாகவும் கண்ட ஏடு அது ஒன்றே. ஆனால் அதே ஏட்டிலும் ஒரு கோடு உண்டு. அதிலிருப்போர் நம்மவர், இல்லாதோர் பிறர். ஒரே லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளில், ஒரே சுவரின் இரு பக்கமும் வாழ்வோருள் இவரது குழந்தை ஏட்டில் இருக்கும், அவரது குழந்தை இராது. மழை ஒழுகுவது இரு அறைகளிலும்தான்.

லியோ நாணயக்கார 1917இற் பிறந்த சிங்களவர். புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. 1959இற் கண்டியின் ஆயரானார். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அமர்ந்த ஆயர்களுள் அவரும் ஒருவர். அச்சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டிலே, இறைமக்கள் பற்றிய அதிகாரம் ஆயர்களைப் பற்றிய அதிகாரத்துக்கு முன்னே வைக்கப்பட்டது. வெறும் அதிகார வரிசைதானே என்று எண்ணலாம். ஆயின் முன்னே மக்கள், பின்னே தலைவர் என்ற அவ்வரிசையைச் சொல்லளவில் விடாது நடைமுறைக்குக் கொணர முயன்றவர் எத்தனை பேர் என்று எண்ணினால், எண்ணிக்கை விரைவில் முடிந்துவிடும்.

1972 டிசம்பரிற் கண்டி மறைமாவட்டம் பிரிக்கப்பட்டு ஊவா மாகாணம் தனியே பதுளை மறைமாவட்டமாயிற்று. பாகப்பிரிவினையில் மூத்தவன் தாய்வீட்டை எடுத்துக்கொள்வது நம் வழக்கம். கண்டியிலே பேராலயம் உண்டு, புகழ்பெற்ற கல்லூரிகள் உண்டு, அருகே அம்பிட்டியவிற் குருமடம் உண்டு. பதுளையிலோ கத்தோலிக்கர் நூற்றுக்கு ஐவரிலும் குறைந்தவர்; அவருட் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர். லியோ ஆண்டகை தாய்வீட்டை விட்டுத் தேயிலைச் சரிவைத் தம் பாகமாகக் கொண்டார். 1982 மே மாதம் மறையும் வரை அங்கேயே பணிபுரிந்தார்.

அவ்வாண்டுகள் எத்தகையன என்பதை நினைவு கூர்தல் வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இதுவும் ஒரு பாகப்பிரிவினையே. பிரிக்கப்பட்டவரை எவரும் கேட்கவில்லை என்பதே வேறுபாடு. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1975இற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டிகளிலே, போவோரும் நிற்போரும் கட்டியழுத ஒலி கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு வந்த குடும்பம் அடுத்த ஞாயிறு கடலுக்கப்பால் இருந்தது. இந்நிலையில் ஒரு தோட்டத்துச் சபை என்பது என்ன? திருமுழுக்கு ஏட்டில் நூறு பெயரிருக்கலாம். வாங்கில் அமர்வோர் நாற்பதுபேராய் இருக்கலாம். ஏடு பிரியாதிருக்க, மக்கள் பிரிந்துபோயினர்.

இங்கேதான் பதுளை ஆயரின் சிந்தனை கூர்மையடைந்தது என எனக்குப் படுகிறது. பண்டாரவளையிலே 'சேவக செவண' என்னும் குருமடத்தை அவர் நிறுவினார். குருத்துவத்துக்கு ஆயத்தஞ் செய்யும் இளைஞர், மதிலுக்குள் நூல்களோடு மட்டும் அடைபட்டிராது, கிராமங்களிலும் தோட்டங்களிலும் மக்களோடு வாழ்ந்து கற்கவேண்டும் என்பது அதன் நெறி. சிங்களமும் தமிழும் அறிதல் வேண்டும். பௌத்தத்தையும் இந்து சமயத்தையும் பகைநோக்கின்றிப் பயில வேண்டும். மேய்ப்பன் மந்தையை அறிவான் என்ற பழைய உவமை இங்கே தலைகீழாகிறது. மந்தையே முதலில் மேய்ப்பனை அறிகின்றது. வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். நம்புதலைத் தெளிதல் என்று குறித்த அவர், தெரிதலை அதற்கு முன்னே வைத்தார். அரசன் வினைக்குரியாரைத் தெளிவதைப் பற்றியது அது. தொழிலாளி தன் ஆயரைத் தெளிவதற்கும் அதனை விரித்துக்கொள்வதிலே தவறில்லை. பிரட்டுக்களத்து விசுவாசத்துக்கு ஆராய்ச்சி கிடையாது. அது கேட்கப்படும், கொடுக்கப்படும். தெளிதலோ ஆராய்ந்தபின் தானாக வருவது. முன்னுரைத்த இரு விசுவாசங்களின் வேறுபாடு இதுவே எனலாம்.

இம்முயற்சி தனித்து நின்றதன்று. அதே 1972இற் கண்டியிலே யேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதய நிலையத்திற் சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வாழ்ந்து தோட்ட மக்களின் நிலையை ஆராய்ந்தனர். பிரான்சிலே குருக்கள் சிலர் ஆலைத் தொழிலாளராகவே மாறியதும், 1954இல் உரோமை அதனை நிறுத்தியதும், 1965இல் மீண்டும் இசைவளித்ததும் பலரறிந்தவை.

இனி, இந்நெறிக்கு எதிராக எழக்கூடிய ஒரு வினாவைத் தள்ளிவிட முடியாது. நாள் முழுவதும் கூடையைச் சுமந்து மலையேறிய பெண்ணொருத்தி ஞாயிறன்று மாதா சுருபத்தின் முன் மெழுகுதிரி ஏற்ற விரும்புகிறாள். திருநாள், கொடியேற்றம், மேளம், புதுச்சேலை – இவையே அவள் வேண்டுவன. அவளிடம் சென்று சமூகநீதி பேசுவது, அவளுக்குக் கிடைத்த ஒரு நாளையும் பறிப்பதாகாதா? முற்போக்கு எழுத்தாளர் சிலர் அவளது வழிபாட்டை மயக்கம் என்று ஒதுக்குவர். அவ்வாறு ஒதுக்குவதற்கு நான் உடன்படேன். செக்றோலில் இல்லாத ஒருத்தியாக அவள் வாழும் ஒரே நாள் அது. அதனை ஏளனஞ் செய்வோர் அவளை மீண்டும் எண்ணாகவே காண்கின்றனர். மக்களைப் 'பிரச்சினை'யாக மாற்றி ஆராய்ந்து அறிக்கை எழுதும் அபாயம் நல்லெண்ணம் உடையோர்க்கும் உண்டு. பல்கலைக்கழகத்தாராகிய நமக்கு அது சற்று மிகுதியாகவே உண்டு. சிங்களத் துறவியொருவர் தமிழ்த் தொழிலாளரின் ஆயராயிருப்பதிலே, எவ்வளவு அன்பிருந்தாலும் கடக்க முடியாத ஒரு சிறு இடைவெளி எஞ்சியிருந்திருக்கவும் கூடும்.

ஆயினும் மெழுகுதிரியும் நீதியும் ஒன்றையொன்று விலக்குவன என்ற கருத்து, இரண்டையும் வெளியிலிருந்து பார்ப்போருடையது. அவள் மாதாவிடம் வேண்டுவது எது? பிள்ளைக்குக் காய்ச்சல் தீர வேண்டும். கணவனின் பெயர் இந்தியாவுக்கும் தன் பெயர் இலங்கைக்கும் ஆகிவிடக் கூடாது. வேண்டுதலின் உள்ளே நீதி ஏற்கெனவே இருக்கின்றது. அதனை அங்கே கேட்கச் செவியுள்ளவரே அவளுக்கு வேண்டியவர். புதிதாகக் கொண்டுசென்று கொடுப்பவரல்லர்.

சேவக செவணவிற் கற்பித்தவருள் ஒருவர் அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கல் றொட்றிகோ. முன்னர் அம்பிட்டியவில் மெய்யியல் கற்பித்த அறிஞர். 1980இல் அவர் மொனராகலை மாவட்டத்துப் புத்தலைக்கு அண்மையிலுள்ள ஒரு பௌத்தக் கிராமத்திற் குடியேறினார். அங்கே அவருக்குத் திருமுழுக்கு ஏடு தேவைப்படவில்லை. மதம் மாற்றுவது அவர் நோக்கமன்று. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் வெல்லஸ்ஸவின் வயல்களையும் குளங்களையும் அழித்ததை மறவாத மண் அது. கிறிஸ்தவம் அங்கே அழித்தவரின் மதமாகவே அறியப்பட்டது. நன்மை வேண்டும் இல்லம் என்ற பொருள்பட 'சுபசெத் கெதர' எனத் தம் குடிலுக்குப் பெயரிட்டு, சிற்றுழவரோடு வாழ்ந்தார். கரும்புத் தோட்டங்களின் பொருட்டு அவர்கள் நிலமிழந்ததைக் கண்டித்தார். 1987 நவம்பர் 10ஆம் நாள், திருப்பலி முடியும் வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சபை என்பது பெயரேட்டிலுள்ளோர் என்று கொள்வோமாயின், றொட்றிகோவுக்குச் சபையே இருந்ததில்லை; அவர் பணி வீண். அவ்வாறு கூற நமக்கு நா எழவில்லையாயின், சபைக்கு வேறு இலக்கணம் தேட வேண்டியிருக்கிறது. எவர்க்காக நான் விடை சொல்லவேண்டியவனோ அவரே என் சபை என்பது பதுளையிலிருந்து கிடைக்கும் இலக்கணம். இது தாராளமானதுபோலத் தோன்றினும் கடுமையானது. ஏட்டின் எல்லை தெளிவானது, அங்கே கணக்கு முடியும். இவ்வெல்லையோ விரிந்துகொண்டே செல்லும். ஒரு மனிதனால் இயலாதது என்று மறுப்போரும் உளர். அம்மறுப்பிலே நியாயம் இல்லாமலில்லை. லயத்துக் கத்தோலிக்கர் தமிழறிந்த குருவுக்காகக் காத்திருக்க, அறிஞரொருவர் கிறிஸ்தவரில்லாத கிராமத்துக்குச் சென்றது முறையா என்று கேட்பாருக்கு, முழுமையான விடை என்னிடமில்லை.

இரண்டாம் ஏடு இன்று மாறிவிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை வழங்கிற்று. நிலம் மட்டும் பெரும்பாலும் அவர்களுடையதாகவில்லை. ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர், சேர்ந்த இடத்தில் நிலைத்திருப்போம் என வாக்குறுதி கொடுப்பர். தோட்ட மக்கள் அவ்வாக்கைக் கொடாமலே நாலைந்து தலைமுறை ஒரே லயத்தில் நிலைத்திருந்தனர். 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடத்தை விட்டு நீங்குமாறு அவர்களுக்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. நீங்கிச் செல்வதற்குச் சொந்தமாக ஓரடி நிலம் அவர்களிடம் இருக்கவில்லை. மண்ணுக்குள் அகப்பட்டோர் எத்தனை பேர் என்ற கணக்குப் பல நாட்களாக மாறி மாறிச் சொல்லப்பட்டது.