பாதி நீதி போதுமா?

முழு நீதி கிட்டும்வரை பாதி நீதியைத் தள்ளிவிடுவதா? இளந்தோழர்கள் கேட்கின்றனர். செர்மானியச் சமூக சனநாயகக் கட்சி 1891-இல் எர்பர்ட் நகரில் பொதுவுடைமையே இலட்சியமென முழங்கிற்று; கூடவே எட்டு மணி நேர வேலைநாளையும் கேட்டது. 1918-இல் அது கிட்டிற்று. கோழைத்தனம் என்போமா? மாட்டோம்! (1914-இல் போர்க்கடனுக்குக் கை தூக்கியதை வேண்டுமானால் பழிப்போம்.)

கூத்தாநல்லூர் வயல்வெளிக்கு வருவோம். 1952-இல் வந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குத்தகை உழவனுக்கு விளைவில் ஐந்தில் இரு பங்கு தந்தது. 1956-இல் அது மூன்று பங்காயிற்று. ஆனால் பண்ணையாள்? கூலியை உயர்த்தச் சட்டம் சொன்னதும், மிராசுதார் பலர் அவனை விலக்கித் தினக்கூலியாக்கினர். 'இப்போதைக்கு இது போதும்' என்று கூறும் உரிமை வரப்பில் நிற்பவனுக்கா, சேற்றில் நிற்பவனுக்கா? 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டோர் வாழ்ந்த கீழ்வெண்மணிச் சேரியில் பெண்டிர், குழந்தைகள், முதியோர் என 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பொறுத்திருக்கச் சொன்னவர் எவரும் அக்குடிசையில் இல்லை.