இரு கல்லூரியும் ஒரு மனமும்

பற்று என்பது மனிதனுக்கு இயல்பாக அமைந்த ஒரு பண்பு. பிறந்த ஊர் மீதும், பேசும் மொழி மீதும், கற்ற கல்லூரி மீதும் ஒருவன் வைக்கும் பற்றினை உலகம் பாராட்டுகின்றது. அப்பற்று இல்லாதவனை நன்றி மறந்தவன் என்று பழிக்கின்றது. ஆயின், ஒருவனுடைய பற்றுக்குரியவை இரண்டாகி, அவ்விரண்டும் ஒரே களத்தில் எதிரெதிரே நிற்குமாயின் அவன் செய்யத்தக்கது யாது? ஒழுக்கவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாவைத் தெளிந்துகொள்வதற்குப் பெரும் போர்களையோ அரசியற் புரட்சிகளையோ தேடிச் செல்ல வேண்டியதில்லை. இரு கல்லூரிகளுக்கிடையே நிகழும் ஒரு கூடைப்பந்தாட்டப் போட்டியே போதுமானது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியில், கண்டி வீதியும் பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியும் சந்திக்கும் இடத்தில் அமைந்தது கொடிகாமம். தேங்காய்க்கும் மாம்பழத்துக்கும் பலாப்பழத்துக்கும் பேர்பெற்ற சந்தையினையுடைய ஊர். காலை வேளையில் அச்சந்தியில் நின்று நோக்கினால், வெண்ணிறச் சீருடை அணிந்த மாணவர் சிலர் சாவகச்சேரிக்கும் யாழ்ப்பாண நகருக்கும் செல்லும் பேருந்தில் ஏறுவதையும், வேறு சிலர் வரணி வழியாக வடமராட்சிக்குப் புறப்படுவதையும் காணலாம். ஒரே ஒழுங்கையில் வளர்ந்த பிள்ளைகள் வெவ்வேறு கல்லூரிகளுக்கு உரியவராவது இங்கு புதுமையன்று. ஒரே பிள்ளை அடுத்தடுத்து இரு கல்லூரிகளுக்கு உரியவனாவதும் புதுமையன்று.

அத்தகைய மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். க. பொ. த. சாதாரண தரம் வரையும் அவன் தென்மராட்சிக் கல்லூரி ஒன்றிற் கற்றான். பந்தைத் தட்டவும் எறியவும் அங்கேதான் பழகினான். உயர்தர வகுப்பிலே விஞ்ஞானம் கற்பதற்காக நகரக் கல்லூரி ஒன்றிற் சேர்ந்தான். அக்கல்லூரியின் அணியிலும் இடம்பெற்றான். இப்பொழுது அவ்விரு கல்லூரிகளும் ஒரு போட்டியிலே சந்திக்கின்றன. எதிரணியில் நிற்கும் ஐவரில் மூவர் அவனுடைய பழைய தோழர். அவனுக்குப் பந்தெறியக் கற்பித்த ஆசிரியர் எதிர்ப்புறத்தில் அமர்ந்திருக்கின்றார். அவன் எறியும் பந்து வளையத்துட் புகுமாயின், அது யாருக்கு மகிழ்ச்சி தரவேண்டும்?

இது வெறும் விளையாட்டுத்தானே என்று சிலர் கூறக்கூடும். ஆயின், இழப்புச் சிறிதாக இருக்கும் இடத்திலேதான் மனத்தின் இயல்பைத் தெளிவாக ஆராய இயலும். உயிரும் உடைமையும் பணயமாக நிற்கும்போது அச்சமும் தேவையும் நம் முடிவுகளை மறைத்துவிடுகின்றன. அன்றியும் கூடைப்பந்தாட்டத்துக்கு ஒரு தனியியல்பு உண்டு. 1904ஆம் ஆண்டு தொடங்கியதாகக் கூறப்படும் யாழ். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்குமிடையிலான துடுப்பாட்டப் பெருஞ்சமரில் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியலாம். இரு பக்கமும் பற்றுடையவன் அம்முடிவை மனத்துள் விரும்பித் தப்பித்துக்கொள்ளலாம். 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் வகுத்த கூடைப்பந்தாட்டமோ, இன்று ஆடப்படும் விதிகளின்படி, அவ்வாய்ப்பைத் தருவதில்லை. புள்ளிகள் சமமாயின் ஐந்து நிமிடம் மேலதிகமாக ஆடவேண்டும். அப்பொழுதும் சமமாயின் மீண்டும் ஐந்து நிமிடம். ஒருவர் வென்றே ஆகவேண்டும். மற்றவர் தோற்றே ஆகவேண்டும்.

இம்மாணவன் ஏன் இரு கல்லூரிக்கு உரியவனானான் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். இலங்கையில் எல்லாப் பாடசாலைகளும் எல்லா வகுப்புக்களையும் உடையனவல்ல. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உடையவை 1ஏபி எனவும், கலை, வர்த்தகப் பிரிவுகளை மட்டும் உடையவை 1சி எனவும், சாதாரண தரத்தோடு நின்றுவிடுபவை இரண்டாம் வகை எனவும் பகுக்கப்பட்டுள்ளன. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை ஒரு முறையும், சாதாரண தரப் பரீட்சை மற்றொரு முறையும் பிள்ளைகளை ஊர்ப் பாடசாலையிலிருந்து பெயர்த்தெடுக்கின்றன. எனவே அவன் மாறிச் சென்றமை துரோகமன்று. கல்வியமைப்பே அவனை அவ்வழியில் நடத்தியது.

கல்வியமைப்பு மட்டுமன்று, வரலாறும் அவ்வாறு நடத்தியதுண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். கொடிகாமத்திலும் சாவகச்சேரியிலும் பாடசாலைக் கட்டடங்கள் அகதிகளின் இருப்பிடங்களாயின. நகரத்துப் பிள்ளைகள் பலர் கிராமத்து வகுப்பறைகளில் இடம்பெற்றுக் கற்றனர். 2000ஆம் ஆண்டு ஆனையிறவு வீழ்ந்ததன் பின்னர் போர் தென்மராட்சியைச் சூழ்ந்தபோது அந்நிலை தலைகீழாயிற்று. தென்மராட்சிப் பிள்ளைகள் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தஞ்சம் புகுந்து கற்றனர். அக்காலத்தில் ஒரு பிள்ளைக்குத் தன் வாங்கிலே பாதியை ஒதுக்கிக் கொடுத்த பாடசாலை அப்பிள்ளைக்குப் பிறகல்லூரியாகுமா? சில மாதங்களே ஆயினும், அப்பாடசாலைக்கு அவன் கடமைப்பட்டவன் அல்லனா? எத்தனை ஆண்டு கற்றான் என்ற கணக்கினால் மட்டும் பற்றினை அளந்துவிட முடியாது என்பது இதனாற் புலனாகும்.

இனி, அம்மாணவனுக்குக் கூறப்படக்கூடிய விடைகளை ஒவ்வொன்றாக ஆராயலாம். முதல்வர் கூறுவர்: முதற் கல்லூரியே தாய், தாயை எதிர்த்து ஆடுதல் தகாது. இவ்விடையில் உணர்ச்சி உண்டு, நியாயம் குறைவு. முந்தியது என்பதனாலேயே ஒன்று மேலானதாகிவிடின், பிந்திய உறவுகள் யாவும் போலியாகிவிடும். இரண்டாமவர் கூறுவர்: இன்று யாருடைய சீருடையை அணிந்திருக்கின்றானோ அவர்களுக்கே அவன் முழுதும் உரியவன், பழையதை மறந்துவிட வேண்டும். செயலளவில் இது பொருந்தலாம். ஆனால் மனத்தையும் சீருடையைப் போலக் கழற்றி மாற்ற இயலும் என்று இவ்விடை எண்ணுகின்றது. முதற் கல்லூரியை எளிதில் மறக்க வல்லவன் இரண்டாவதையும் நாளை எளிதில் மறப்பான். மூன்றாமவர் கூறுவர்: இரண்டிலும் பற்றின்றி ஒதுங்கிவிடுக. இது சிக்கலைத் தீர்ப்பதன்று. சிக்கலுக்குரிய மனிதனையே அகற்றிவிடுவது.

நம் இலக்கியங்கள் இவ்வினாவை அறியாதனவல்ல. தான் பாண்டவர்க்கு மூத்தவன் என்று அறிந்த பின்னரும் கர்ணன் துரியோதனனை விட்டு நீங்கவில்லை. இராவணன் செய்தது பிழை என்று எடுத்துரைத்த கும்பகருணன் அவனுக்காகவே போர்க்களம் சென்று மாண்டான். அதே பிழையைக் கண்ட வீடணன் இராமனை அடைந்தான். கற்றோர் இன்றுவரை இம்மூவரையும் பட்டிமண்டபங்களில் நிறுத்தி வழக்காடுகின்றனர். வழக்கு முடியாமைக்குக் காரணம், மூவரிடத்தும் ஓர் உண்மை இருப்பதேயாகும். எனினும் ஒன்றை மறத்தலாகாது. அங்கே ஒரு பக்கத்தில் அறமும் மறு பக்கத்தில் பிழையும் நின்றன. கூடைப்பந்தாட்டத்தில் இரு பக்கமும் குற்றமற்றவை. ஆகவே இங்கு வினா அறத்துக்கும் பற்றுக்கும் இடையிலானதன்று. பற்றுக்கும் பற்றுக்கும் இடையிலானது.

இவ்விடத்தில் திருக்குறளின் அதிகார வைப்பு பெரிதும் துணைசெய்கின்றது. செய்ந்நன்றியறிதல் பதினோராம் அதிகாரம், நடுவுநிலைமை பன்னிரண்டாவது. இவை அடுத்தடுத்து நிற்றற்குப் பரிமேலழகர் காரணம் காட்டுகின்றார். ஒருவர் செய்த நன்றியை நினைக்குமிடத்து நடுவுநிலைமை சிதைதல் கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே நன்றியறிதலின் பின்னர் அது வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. நன்றியுணர்வும் நடுநிலையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. முன்னையதைக் கைவிடாமலே பின்னையதைக் காத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அதனைக் காக்கும் வழி, ஒருவன் களத்தில் எந்நிலையில் நிற்கின்றான் என்பதைப் பொறுத்தது. அவன் நடுவராயின், இரு கல்லூரியும் அவனுக்கு அந்நேரம் பெயரற்றவை. தான் கற்ற கல்லூரிக்குச் சலுகை காட்டுதல் எவ்வளவு பிழையோ, பழிக்கு அஞ்சி அக்கல்லூரியை வேண்டுமென்றே தண்டித்தலும் அவ்வளவு பிழையாகும். அவன் ஆட்டக்காரனாயின், தன் அணியின் மற்றை நால்வருக்கும் அவன் வாக்குக் கொடுத்தவன். முழுவலியோடு ஆடுதல் அவன் கடன். பழைய தோழர் மீது இரங்கி ஓர் எறிதலைத் தளர்த்துவானாயின், அது புதிய தோழரை ஏமாற்றுவதாகும். பழைய தோழரையும் இழிவுபடுத்துவதாகும். இரக்கத்தாற் கிடைத்த வெற்றியை அவர்கள் அறிந்தால் விரும்பார். பந்தெறியக் கற்பித்த ஆசிரியருக்கு அவன் செலுத்தக்கூடிய நன்றி, கற்றதை அவர் கண்முன் குறைவின்றிச் செய்துகாட்டுதலேயாம். அவன் வெறும் பார்வையாளனாயின், யாருக்கும் வாக்குக் கொடுத்தவனல்லன். இரு பக்கத்து எறிதலுக்கும் கைதட்ட அவனுக்கு முழு உரிமை உண்டு.

பிறர் இவ்வுரிமையை எளிதில் ஏற்பதில்லை. 1990ஆம் ஆண்டு பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிட், தெற்காசியாவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் அந்நாட்டிற் குடியேறியோர் துடுப்பாட்டத்தில் எந்நாட்டு அணியை ஆதரிக்கின்றனர் என்பதை அவர்களுடைய நாட்டுப் பற்றுக்கு ஒரு சோதனையாகக் காட்டினார். இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு அச்சோதனையின் பொருள் நன்கு விளங்கும். அதற்குரிய விடையை 2016ஆம் ஆண்டு ஒரு தாய் அளித்தாள் எனலாம். ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டத்தில் சுவிற்சர்லாந்தும் அல்பேனியாவும் மோதியபோது, கிரானிட் ஷாக்கா முன்னைய அணிக்கும் அவர் தமையன் தவுலாந்த் பின்னைய அணிக்கும் ஆடினர். அவர்களுடைய தாய் பாதி சுவிஸ் கொடியும் பாதி அல்பேனியக் கொடியுமான மேற்சட்டை அணிந்து பார்வையாளரிடையே அமர்ந்திருந்தாள். அன்று சுவிற்சர்லாந்து வென்றது. அத்தாயின் அன்பு இரு கூறாக்கப்பட்டுக் குறைந்துவிட்டது என்று யாரும் கூறார். பற்று என்பது பங்கிடுந்தோறும் குறைகின்ற பொருளன்று. ஒருவனைத் துண்டாடுவது அவனுடைய இரு பற்றுக்கள் அல்ல; இரண்டில் ஒன்றைப் பொய்யென்று மெய்ப்பிக்கச் சொல்லும் கூட்டத்தின் வற்புறுத்தலேயாகும்.

அமெரிக்க மெய்யியலாளர் ஜொசையா றொய்ஸ் 1908ஆம் ஆண்டு வெளியிட்ட பற்றுறுதி பற்றிய நூலிலே, பிறருடைய பற்றுறுதியையும் போற்றும் பற்றே உயர்ந்தது என நிறுவ முயன்றார். எதிரணியினர் தம் கல்லூரியை நேசிப்பதும் தன் நேசத்தைப் போன்றதே என்று உணர்பவன் அவர்களைப் பகைவராகக் கொள்ளான். இரு கல்லூரியிற் கற்றவனுக்கு இவ்வுணர்வு நூலாற் பெறவேண்டியதன்று. அவன் வாழ்வே அதனைக் கற்பித்துள்ளது.

யாழ்ப்பாண வரலாற்றிலேயே இதற்கு உயர்ந்த சான்று உண்டு. ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷனரிமாரின் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். சைவப் பற்றினை அவர் அப்பொழுதும் கைவிட்டவரல்லர். பின்னர் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி மிஷனரிமாருக்கு எதிர்க்களத்தில் நின்றார். ஏற்ற பணியைத் திறம்படச் செய்ததும், எதிர்க்க வேண்டியபோது வெளிப்படையாகப் பிரிந்து நின்று எதிர்த்ததும் அவர் பெருமை. அங்கு கண்ட பாடசாலை முறையையும் அச்சுத் தொழிலின் பயனையும் அவர் வெறுத்தொதுக்கவுமில்லை. பிரிந்து சென்றவன் பெற்றதை மறுக்கவேண்டும் என்ற நியதி இல்லை.

ஆயினும் இரு பற்றுடையோனுக்கு ஒரு தனிக்கடமை உண்டு. போட்டி சூடேறும்போது ஆட்டக்காரரின் திறமையைப் பற்றிய கூச்சல், சில வேளைகளில் எதிர்க்கல்லூரியின் ஊரையும் வறுமையையும் பிறப்பையும் பழிக்கும் கூச்சலாக மாறிவிடுகின்றது. நகரத்தவன் கிராமத்தவனைப் பட்டிக்காட்டான் என்கின்றான். கிராமத்தவனும் அதற்கேற்ற வசை வைத்திருக்கின்றான். ஒரு கல்லூரியை மட்டும் அறிந்தவனுக்கு எதிரே நிற்பது ஒரு நிறச்சட்டை மாத்திரமே. இரண்டையும் அறிந்தவனுக்கோ அச்சட்டையினுள் இருப்பவன் பெயரோடும் வீட்டோடும் தெரிந்தவன்; அவன் எந்தப் பேருந்தில் வருகின்றான் என்பதும், மதிய உணவுக்கு என்ன கொண்டுவருகின்றான் என்பதும் தெரியும். எனவே அவ்வசை எழும்போது தன் பக்கத்தாரை நோக்கி, இது தகாது என்று சொல்லவேண்டியவன் அவனே. அவ்வாறு சொன்னால் தன்னவர் அவனை ஐயுறுவர் என்பதும் உண்மை. அவன் வாய்மூடியிருப்பானாயின் அவனுடைய இரு பற்றும் பொய்த்துவிடும்: பழிக்கப்பட்ட கல்லூரிக்கு அவன் நன்றி மறந்தவனாவான், பழிக்கும் கல்லூரியையோ இழிவிலிருந்து காக்கத் தவறியவனாவான்.

கூடைப்பந்தாட்டத்தில் இக்கடமையைத் தவறவிடுவதால் வரும் கேடு சிறிது. ஊருக்கும் ஊருக்கும், சாதிக்கும் சாதிக்கும், இனத்துக்கும் இனத்துக்கும் இடையே அதே கூச்சல் எழும்போது வரும் கேடு எத்தகையது என்பதை இந்நாடு கண்டிருக்கின்றது. அக்காலங்களில் இரு பக்கமும் அறிந்தோர் பலர் இருந்தனர். ஐயத்துக்கு அஞ்சி அவருட் பலர் பேசாதிருந்தனர். விளையாட்டுக் களத்திற் பேசப் பழகாதவன் வேறெங்கும் பேசப் பழகான்.

ஆகவே கொடிகாமத்து மாணவன் முழுவலியோடு ஆடட்டும். அவன் அணி வென்றால் மகிழட்டும். ஆட்டம் முடிந்ததும் எதிர்ப்புறம் சென்று தன் பழைய ஆசிரியரை வணங்கட்டும். அம்மகிழ்ச்சியினூடே ஒரு சிறு வருத்தமும் அவன் நெஞ்சில் எழுமாயின், அதனை அவன் குறையென்று கருத வேண்டியதில்லை. இரு கல்லூரியும் அவனுக்கு நன்மை செய்திருக்கின்றன என்பதற்கு அவ்வருத்தமே சான்றாகும்.