மேசைமீது ஒரு போர்க்களம்

கிரானில் நமக்கு அறிமுகமான ஒரு வீட்டின் விறாந்தையில் அண்மையில் ஒரு போர்க்களம் உருவாயிற்று. நீளம் நான்கடி, அகலம் மூன்றடி. மீன்பெட்டியிலிருந்து உடைத்தெடுத்த ரெஜிபோம் தகட்டைச் சீவி மேடும் பள்ளமும் ஆக்கி, பசை தடவி, சலித்த ஆற்றுமணலைத் தூவி, சாயமேற்றிய மரத்தூளால் புல்லும் தேங்காய்த் தும்பால் நெற்பயிரும் அமைத்திருந்தான் ஓர் இளைஞன். முன்னர் நம்மிடம் பயின்றவன். ஆற்றுக்குக் கருநீலம் பூசி, அது காய்ந்தபின் மெல்லிய வார்னிஷ் ஏழெட்டுத் தடவை பூசியிருந்தான். உண்மையான நீரைப்போலவே அது மின்னிற்று. அதன் குறுக்கே ஒரு பாலம். எந்தப் பாலம் என்று நாம் கேட்கவில்லை. மாரி வெள்ளத்தில் அது மூழ்கும்பொழுதெல்லாம் அக்கரை ஊர்கள் தனித்துப் போவதையும், தோணியை நம்பி மக்கள் நிற்பதையும் கண்டு வளர்ந்தவனுக்கு வேறெந்தப் பாலம் தோன்றும்?

களத்தில் நிற்க வேண்டிய ஆட்கள் மட்டும் கடல் கடந்து வந்தார்கள். ரொறன்ரோவிலுள்ள தாய்மாமன் ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். ஓரங்குல உயரமுள்ள சாம்பல்நிறப் பிளாஸ்டிக் வீரர்கள், பகடைகள், ஒரு விதிநூல். வீரர்களுக்கு வண்ணம் தீட்டுவது வாங்கியவன் பொறுப்பு. அந்த வேலையை அருகிருந்து பார்த்தோம். சோப்பு நீரில் கழுவி, மங்கிய நிறத்தில் முதற்பூச்சுப் பூசுகிறான். நீர்த்த கபில நிறத்தை உடலெங்கும் ஓடவிடுகிறான். அது உடையின் மடிப்புகளில் தங்கி நிழலாகிறது. பிறகு தூரிகையை ஏறக்குறைய உலரத் துடைத்துவிட்டு வெளிர்நிறத்தால் உரசுகிறான். தோளும் முழங்காலும் மூக்கின் நுனியும் ஒளிபெறுகின்றன. கண்ணைத் தொடும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறான். ஓர் ஆளுக்கு இரண்டு மணி நேரம் செல்கிறது. இரண்டு மணி நேரம் ஒரு மனித முகத்தை உற்று நோக்கும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

நம்முடன் வந்த ஆசிரிய நண்பர் ஒருவர் கொதித்துப் போனார். “இந்த மண்ணிலே இதுவா விளையாட்டு? தீயிலே போடு” என்றார். மற்றொருவர் சிரித்தார். “தூரிகை பிடித்த கை துவக்குப் பிடிக்காது. பிள்ளையை விடுங்கள், சேர்” என்றார். இளைஞன் இருவருக்கும் மறுமொழி கூறவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் நாம் அதைப் பற்றியே வாதிட்டோம்.

கொதித்தவரின் நெஞ்சம் நமக்குப் புரிகிறது. எனினும், இந்நாட்டில் 1983 முதல் 2009 வரை எரிந்த போர் பொம்மைக் கடையில் பிறந்ததன்று. மொழியுரிமை மறுக்கப்பட்டதிலும், நிலம் பறிபோனதிலும், கற்ற இளைஞன் வேலையின்றி வீதியில் நின்றதிலும் அது பிறந்தது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஓரங்குலப் பொம்மைமீது பாய்வது எளிது; எளிது என்பதாலேயே அதை நாம் ஐயுற வேண்டும். சிரித்தவரின் கூற்று இன்னும் இனிமையானது. ஆனால் வரலாறு அதற்கு இடந்தருவதில்லை.

எச். ஜி. வெல்ஸைப் பாருங்கள். ஃபேபியன் சோஷலிஸ்டாக இருந்தவர், அறிவியற் கதைகளால் உலகை ஈர்த்தவர். ஈயச் சிப்பாய்களையும் சிறு பீரங்கியையும் வைத்துத் தரையிலே போராடும் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து, 1913 இல் ‘சிறு போர்கள்’ என்ற நூலை வெளியிட்டார். இவ்விளையாட்டை மூன்று நான்கு தடவை ஆடியவன் பெரும்போர் எத்துணை மூடத்தனமானது என்பதை உணர்ந்துவிடுவான் என்பது அவர் நம்பிக்கை. அடுத்த ஆண்டே பெரும்போர் வந்தது. அதே வெல்ஸ், போரையே ஒழிக்கப்போகும் போர் இது என்று அதற்கு ஆதரவாக எழுதினார். பொம்மை அவரை வெறியராக்கவில்லை, காக்கவுமில்லை.

இவ்விளையாட்டின் பிறப்பும் குழந்தைகளின் கூடத்தில் நிகழ்ந்ததன்று. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விற்ஸ் என்பவர், மலையும் ஆறும் தீட்டிய கட்டைகளை அடுக்கிப் போர்க்களம் அமைக்கும் மேசையொன்றை 1812 இல் அரசருக்குக் காட்டினார். படையதிகாரியான அவர் மகன் 1824 இல் விதிகளைச் செப்பனிட்டார். இத்தனை அடி தூரத்தில் இத்தனை துவக்குகள் சுட்டால் எத்தனை பேர் வீழ்வர் என்பதற்கு அட்டவணை. மிகுதியைப் பகடை தீர்மானிக்கும். இது விளையாட்டன்று, போர்ப் பயிற்சி என்று படைத்தலைமை மகிழ்ந்து ஏற்றது. இன்று எல்லா நாட்டுப் படைகளும் மணலில் மாதிரி அமைக்கின்றன. நம் நாட்டுப் போரிலும், தாக்கவிருக்கும் முகாமின் மாதிரியை முதலில் அமைத்து ஒத்திகை பார்த்ததுண்டு. ஆகவே விறாந்தையிலுள்ள மேசைக்கும் பாசறையிலுள்ள மேசைக்கும் உறவில்லை என்று நாம் நம்மை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? இக்கேள்விக்கு வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலப் படையதிகாரியின் கதை நமக்கு ஓரளவு விடை தருகிறது. 1815 இல் நிகழ்ந்த வாட்டர்லூ போரின் மாதிரியை அமைக்குமாறு 1830 இல் அவர் பணிக்கப்பட்டார். போர் நடந்த இடத்திலேயே ஒரு பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளங்களை அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, மாலை ஏழு மணியளவில் உங்கள் படை எங்கே நின்றது, வயலில் எந்தப் பயிர் நின்றது என்று வினவினார். 70,000க்கு மேற்பட்ட சிறு உலோக உருவங்கள்! அரசு பணந்தர மறுத்த பின்னும் கடன்பட்டு முடித்து, 1838 இல் இலண்டனில் காட்சிக்கு வைத்தார். இத்தகைய உழைப்பை நாம் எளிதில் இகழ்ந்துவிட முடியாது.

அம்மேசையில் ஒரு தகராறு எழுந்தது. நெப்போலியனை வீழ்த்தியதில் பிரஷ்யப் படையின் பங்கு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது என்று வெலிங்டன் பிரபுவின் தரப்பு முகஞ் சுளித்தது. ஈற்றில் பெருந்தொகையான பிரஷ்ய உருவங்கள் மேசையிலிருந்து அகற்றப்பட்டன. பகடை உருட்டாமலே, ஒரு குண்டும் வெடிக்காமலே, ஒரு படை களத்தை விட்டு மறைந்தது! அதிகாரம் படைத்தவர் விரும்பாதவருக்கு மாதிரியிலும் இடமில்லை. இது வெளிப்படையாகத் தெரிந்த அகற்றல். தெரியாத அகற்றலும் ஒன்றுண்டு. சைபோர்ன் கேட்டது அதிகாரிகளை. சாதாரணச் சிப்பாயை அன்று. எந்த வயலில் எந்தத் தானியம் நின்றது என்று அறிந்து பயிர் வைத்தார். அத்தானியத்தை விதைத்தவன் அவருடைய களத்தில் இல்லை. வயல் இருக்கிறது, உழவனில்லை. வீடு இருக்கிறது, குடியிருப்பவரில்லை. படைத்தலைவன் குதிரைமீதிருந்து காணும் உலகம் இதுதான். மேசையின் முன் நிற்பவர் எவராயினும், அவர் உழைப்பாளியின் பிள்ளையாகவே இருந்தாலும், அவருக்கும் அந்தக் கண்ணே கிடைத்துவிடுகிறது.

கிரானுக்கு மேற்கே எழும் குன்றைப் பாருங்கள். அதைக் குடும்பிமலை என்கிறோம். சிங்கள மக்கள் தொப்பிகல என்பர். ஆங்கிலேயரோ பிரபுவின் தொப்பி என்று பொருள்படப் பெயரிட்டனர். 2007 ஜூலையில் அரசுப் படை அதைக் கைப்பற்றியபோது தலைநகரில் விழா எடுத்தார்கள். பல்லாண்டுகளாக அது வரைபடத்தில் ஓர் உயரப்புள்ளி. இன்னாரிடமிருந்து இன்னார் பிடிக்க வேண்டிய மேடு. அப்பக்கத்துக் காடுகளிலும் தரவைகளிலும் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்தவர்களை அப்புள்ளி காட்டாது. போர் முடிந்து பதினான்கு ஆண்டுகள் சென்ற பின்பும், மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைக்காக அப்பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. கிரானுக்குத் தெற்கே சில கல் தொலைவில் வந்தாறுமூலை. அங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் 1990 செப்டெம்பர் 5 இல் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பி வரவில்லை. எந்தப் போரின் விதிநூலில் இவர்களுக்குப் பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது?

போரை ஆடிக்காட்டும் வழக்கம் நமக்கும் உண்டு என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். மட்டக்களப்பின் வடமோடிக் கூத்துகளிற் பெரும்பாலானவை போர்க்கதைகளே. பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962 இல் மேடையேற்றிய ‘கர்ணன் போர்’ இம்மண்ணின் ஆட்டத்திலிருந்து எழுந்தது. மர வாளும் கண்ணாடித் துண்டு பதித்த முடியும் நம்மவரும் வண்ணந்தீட்டிச் செய்தவைதாம். ஆனால் வட்டக்களரியில் மேலிருந்து பார்ப்பதற்கு இடமில்லை. சுற்றிலும் மண்ணில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேரே போர் நடக்கிறது. மகன் மாண்டதும் கதை அடுத்த படைக்கு ஓடிவிடுவதில்லை. தாய் வந்து அழுகிறாள், அவள் அழுது முடியும்வரை அரசர்கள் காத்திருக்க வேண்டும். பழைமை என்பதற்காக அதை நாம் போற்ற வரவில்லை. கூத்திலும் அரசரே நாயகர்; உழவனுக்கு வேடமில்லை. ஆயினும் அரசனாக ஆடுபவன் உழவன்; விடிந்ததும் வயலுக்குப் போகிறவன். கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டிலும் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகிறது. கொம்போடு கொம்பு கொழுவி, ஒன்று முறியும்வரை இழுக்கிறார்கள். எதிர்ச்சேரியில் நிற்பவன் மைத்துனனாகவும் இருக்கலாம். முறிவது கொம்புதான்.

எனவே போரை விளையாடலாமா என்பதைவிட, எந்த உயரத்திலிருந்து, யாரை விட்டுவிட்டு விளையாடுகிறோம் என்று கேட்பதே பொருத்தமென நாம் கருதினோம். இரண்டு வாரம் கழித்து அவ்வீட்டுக்கு மீண்டும் சென்றபோது அதைச் சொல்ல ஆயத்தமாகவே போனோம். நமக்கு முன்னரே அதைச் சொல்லிவிட்டிருந்தாள் அவ்வீட்டுப் பெத்தா.

அவள் மேசையை வெகுநேரம் பார்த்தாளாம். பிறகு, “பாலத்தடியில ஒருத்தரும் இல்லையா மனே? காலத்தால மீன் வாங்க எவ்வளவு சனம் நிக்கும்” என்று கேட்டாளாம். பேரனிடம் விடையில்லை. பெட்டியில் வந்த எவனும் துவக்கில்லாதவன் அல்லன். மீன்காரனும் பள்ளிப்பிள்ளையும் வேண்டுமென்றால் மாதிரிப் புகையிரதம் விற்கும் கடையிலேதான் கேட்க வேண்டும். போர் விற்கும் பெட்டிகளில் பயணிகளைக் காண்பதரிது. அன்றிரவே அவன் ஒரு வீரனின் துவக்கைப் பிளேட்டால் அறுத்தெடுத்து, பசையில் ஊறிய கடதாசியைச் சுற்றிச் சாறன் கட்டியிருக்கிறான்.

பெத்தாவின் மூத்த மகன் 1990 இல் வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் போனவன். இன்றுவரை செய்தியில்லை. நாம் அங்கிருக்கும்போதே இளைஞன் அவளிடம் கேட்டான்: “பெரிய மாமா அண்டைக்கு என்ன நிறச் சாறன் உடுத்திருந்தார், பெத்தா?” நீலம் என்றாள். சற்றுப் பொறுத்து, இல்லை, பச்சையில் வெள்ளைக் கட்டம் என்றாள். அவன் நீலத்தைத் துடைத்துவிட்டுப் பச்சையைக் குழைத்தான். ஓரங்குல உருவில் கட்டம் போடுவது எளிதன்று. மூன்று தடவை பிழைத்தது.

தீயிலே போடு என்ற நண்பரும் நம்மோடு வந்திருந்தார். அவர் இம்முறை குரலை உயர்த்தவில்லை. “சரி தம்பி, இவர்களையும் களத்தில் நிறுத்திவிட்டாய். இனிப் பகடையை உருட்டினால் குண்டு யார்மேல் படும்?” என்று மட்டும் கேட்டார். விதிநூலைப் புரட்டிப் பார்த்தாயிற்று, அதில் ஒன்றுமில்லை என்றான் இளைஞன். இவர்கள் நிற்கும் இடத்தை நோக்கிச் சுடக்கூடாதென்று ஒரு விதி எழுதலாமா என்று யோசித்தானாம். அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும் என்று தோன்றியதாம். சுடலாம் என்று எழுதவும் கை வரவில்லை.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆயத்தமாகக் கொண்டுபோனவை அந்தக் கேள்விக்குப் போதவில்லை. நாம் புறப்படும்போது பாலத்தடியில் பதினொரு பேர் நின்றார்கள். பெத்தா கதிரையை மேசையருகே இழுத்துப் போட்டு, பன்னிரண்டாவது ஆளுக்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தாள்.