மழைக்கு முன் வரும் பணம்

ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள குன்றுகளில் பெய்யும் ஐப்பசி மழை பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தை நிரப்பி, மதகு திறக்கப்பட்டபின் சுருட்டப்பள்ளியைத் தாண்டி ஆரணியாற்றின் வழியே ஊத்துக்கோட்டைக்கு வந்து சேர ஒரு நாள்கூடப் பிடிப்பதில்லை. மதகைத் திறக்கும்போது அங்குள்ள அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லிவிடுகிறார்கள். இங்கே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ கரையோரக் கிராமங்களைச் சுற்றி வருகிறது. தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வானிலை ஆய்வு மையமோ அதற்கும் பல நாட்கள் முன்பே வங்கக் கடலில் பிறந்த தாழ்வு நிலையைப் பின்தொடர்ந்து, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வர்ணம் தீட்டி மாவட்ட வாரியாக எச்சரித்துவிடுகிறது. நம் பாட்டன்மார் கனவிலும் காணாத தீர்க்கதரிசனம் இன்று கைப்பேசிக்கு வந்து சேர்கிறது.

ஆயினும் இந்த எச்சரிக்கை ஓர் ஏழைக் குடும்பத்தின் வாசலை அடையும்போது என்னவாகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆற்றுப் புறம்போக்கில் தார்ப்பாய்க் கூரையின் கீழ் வாழும் ஒரு பெண்ணிடம் இரண்டு ஆடுகளும், பாதி மூட்டை ரேஷன் அரிசியும், கடைக்காரரிடம் ஒரு பாக்கியும் இருக்கின்றன. வெளியேறினால் ஆட்டைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் விடமாட்டார்கள், அரிசி நனையும், நான்கு நாட்கள் கூலி இல்லை. போகச் சொல்வதற்குச் செலவில்லை, போவதற்குத்தான் செலவு. அந்தச் செலவுக்கு வழி செய்யாமல் அறிவை மட்டும் வழங்கும் அரசு, தன் கடமையை நிறைவேற்றிவிட்டதாக எண்ணிக்கொள்ளலாம். பின்னால் ஆடு அடித்துச் செல்லப்பட்டால், நாங்கள்தான் முன்பே சொன்னோமே என்று கூறவும் செய்யலாம். எச்சரிக்கை அவ்விதத்தில், பொறுப்பைத் தன் தோளிலிருந்து இறக்கி எளியவர் தோளில் ஏற்றுவதற்கும் ஓர் உபாயமாகிவிடுகிறது.

எனவே எழும் கேள்வி இது: வரப்போகும் துன்பத்தை அறிந்திருக்கும் அரசு, அது வந்து தீர்ந்து, சேதம் கணக்கிடப்பட்டு, கோப்புகள் கையெழுத்தாகும்வரை காத்திருந்து உதவுவது தர்மமாகுமா? அன்றி, ஒருவேளை வராமலே போகக்கூடிய துன்பத்தின் பொருட்டுப் பொதுப் பணத்தை முன்கூட்டியே செலவிடுவதுதான் நியாயமாகுமா?

இரண்டாவது கேள்வியை அற்பமென்று ஒதுக்கிவிட முடியாது. அது இந்தத் தேசத்தில் ஏற்கெனவே கேட்கப்பட்டது. அதற்குக் கிடைத்த விடையின் விலையைச் சென்னை மாகாணம் கொடுத்தது. 1873-74இல் பீகாரில் மழை பொய்த்தபோது, வங்காள மாகாணத்தில் பஞ்ச நிவாரணப் பொறுப்பை ஏற்ற சர் ரிச்சர்டு டெம்பிள், ஜனங்கள் பட்டினியில் விழும்வரை காத்திராமல், பர்மாவிலிருந்து ஏறக்குறைய நாலரை லட்சம் டன் அரிசியைத் தருவித்து, தாராளமாகவே நிவாரணம் நடத்தினார். பட்டினிச் சாவு மிகச் சொற்பமாக நின்றது. ஆனால் அரிசி மிஞ்சிப்போயிற்று. மிஞ்சிய அரிசி கண்ணுக்குத் தெரிந்தது. பிழைத்த உயிர்கள் தெரியவில்லை. ஏனெனில் நிகழாத சாவை எவரும் எண்ணிக்காட்ட முடியாதல்லவா? பஞ்சமே பெரிதாக வரவில்லை, வீணாகப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று அவரைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடத்தோடு, 1877இன் தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் பிரபு அவரைப் பஞ்சம் பிடித்த சென்னை மாகாணத்துக்குப் பஞ்சப் பிரதிநிதியாக அனுப்பினார். இம்முறை அவர் சிக்கனத்தின் திருவுருவாக வந்தார். நிவாரண வேலையில் மண் சுமந்த ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதன்மேல் சொற்பக் காசும் போதுமென்று கூலி குறைக்கப்பட்டது. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இந்த அளவு உணவில் உழைக்கும் உடல் நிலைக்காது என்று வாதாடினார். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டது உண்மையே. ஆனால் தென்னிந்தியாவில் அந்தப் பஞ்சம் கொண்டுபோன உயிர்கள் அரைக் கோடிக்குக் குறைவில்லை. ஊத்துக்கோட்டைக்குக் கிழக்கே பழவேற்காட்டுப் பக்கமாய் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய் அன்றைய கவர்னரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் பகுதி, அந்தப் பஞ்சத்தின் நிவாரணக் கூலிகளால் வெட்டப்பட்டதுதான்.

டெம்பிளை ஒரு கொடியவராகச் சித்திரித்துவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். உண்மையில் அவர் ஒரு சாதாரண, சாமர்த்தியசாலியான அதிகாரி. எந்தப் பிழைக்குத் தண்டனை உண்டு, எந்தப் பிழைக்கு இல்லை என்பதை அனுபவத்தில் அறிந்துகொண்டவர். அதிகமாகக் கொடுத்த பிழைக்கு அவருக்கு நிந்தை கிடைத்தது. குறைவாகக் கொடுத்த பிழைக்கு அவர் பதவி உயர்வு பெற்று 1877இலேயே பம்பாய் கவர்னரானார். இன்றைய வட்டாட்சியரோ கருவூல அதிகாரியோ அதே தராசின் முன்தான் நிற்கிறார். புயல் திசைமாறி வேறு கரைக்குப் போய்விட்டால், வராத புயலுக்குப் பணம் கொடுத்தது ஏன் என்று தணிக்கையாளர் கேட்பார். வந்த புயலுக்குப் பத்து நாள் கழித்துக் கொடுத்ததற்கு எந்தத் தணிக்கைக் குறிப்பும் எழுதப்படுவதில்லை.

முன்னறிவிப்பு தவறக்கூடியது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளும்போதுதான் தர்ம விசாரம் தொடங்குகிறது. இரு பிழைகளில் ஒன்று நேர்ந்தே தீரும் என்றால், அதன் பாரத்தைத் தாங்க வல்லவன் யார் என்று கேட்பதே முறை. தேவைப்படாத குடும்பத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் போய்ச் சேர்வதில் கஜானாவுக்கு ஏற்படும் நஷ்டம், பற்பல ஆண்டுகளில் சமனாகிவிடும். அந்தப் பணமும் கடலில் கொட்டப்படுவதில்லை, ஓர் ஏழையின் பாக்கியைத்தான் தீர்க்கும். தேவைப்பட்ட குடும்பத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேராத பணமோ, விற்கப்பட்ட ஆடாக, நிறுத்தப்பட்ட பள்ளிப் படிப்பாக, வாங்கப்பட்ட கடனாக மாறி, பின்னர் எத்தனை மடங்கு கொடுத்தாலும் மீளாத நஷ்டமாகிறது. வங்காளதேசத்தில் 2020 ஜூலையில் ஜமுனா நதி பெருகப்போகிறது என்ற முன்னறிவிப்பு குறிப்பிட்ட அளவைத் தொட்டவுடன், உலக உணவுத் திட்டம் சுமார் 23,000 குடும்பங்களுக்கு 4,500 டாக்கா வீதம் வெள்ளத்தின் உச்சத்துக்கு முன்பே அனுப்பியது. பின்னர் ஆராய்ந்தபோது, பணம் பெற்ற வீடுகளில் ஒரு நாள் முழுதும் உண்ணாமல் கிடந்தவர்கள் குறைவாக இருந்தது தெரியவந்தது. தொகை சிறியது, அது வந்த நாள்தான் பெரியது.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்து ஏழையிடம் உரிய நேரத்தில் பணத்தோடு வந்து சேரும் ஒருவர் ஏற்கெனவே உண்டு. அவர் செங்கல் சூளையின் மேஸ்திரி. சூளைத் தொழில் தை மாதம் தொடங்கி ஆனி வரை சூடுபிடிக்கும். மழைக்காலத்தில் பச்சைக்கல் கரைந்துபோகுமாதலால் அறுப்பு நிற்கும், அடுப்பு அணையும். வயல்வேலை, மரம் வெட்டு, ஏரி மீன் என்று எதையோ பற்றிக்கொண்டு, சூளையில் கல் அறுக்கும் இருளர் பழங்குடிக் குடும்பம் அந்த மாதங்களைக் கடத்துகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், கூரைக்கு ஓலை, வீட்டில் பிரசவம் என்று ஏதேனும் ஒன்று குறுக்கிடும்போது, கேட்காமலே மேஸ்திரி முன்பணம் தருகிறார். அந்த முன்பணந்தான் அடுத்த பருவம் முழுவதற்கும் கணவன், மனைவி, சில இடங்களில் குழந்தைகள் உட்பட, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் சூளையோடு அவர்களைக் கட்டிவைக்கிறது. பருவ முடிவில் கணக்குப் பார்க்கும்போது கழிந்தது போக இன்னும் பாக்கி நிற்கும். ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து வரும் குடும்பங்களின் கதையும் ஏறத்தாழ இதுவே. அவர்களுக்கு முன்பணம் அவர்கள் ஊரிலேயே கொடுக்கப்படுகிறது. எந்த மாதத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதை மேஸ்திரியைப்போல் துல்லியமாக முன்னறிபவர் எவருமில்லை. முன்னறிவைப் பயன்படுத்தும் கலையில் சர்க்காரைவிட அவர் எவ்வளவோ முன்னேறியவர். அவரிடம் இல்லாதது கருணை மட்டுமே.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. மீட்கப்பட்டவருக்கு மறுவாழ்வு அளிக்கும் மத்தியத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், பின்னர் வயதுவந்த ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம் என்றும் வகுக்கப்பட்டிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு குடும்பம் அடிமைப்பட்டு, எவரேனும் புகார் செய்து, கோட்டாட்சியர் வந்து விசாரித்து, விடுதலைச் சான்றிதழ் கொடுத்த பின்னர் லட்சம் ரூபாய் தரச் சம்மதிக்கும் அரசு, ஐப்பசியில் சில ஆயிரம் ரூபாய் தந்து அந்த முன்பணத்தையே அநாவசியமாக்கத் தயங்குவானேன்?

தயக்கத்துக்கு மூன்று காரணங்கள் சொல்லப்படும். முன்கூட்டிக் கொடுத்தால் சோம்பல் வளரும் என்பது முதலாவது. டெம்பிள் காலத்திலிருந்து அழுக்கேறிய இந்த வாதத்துக்கு, மழையில் கல் அறுக்க முடியாதென்பதே போதுமான பதில். காரியம் நடைமுறைக்கு ஒவ்வாது என்பது இரண்டாவது. இதற்கு விடையைத் தமிழ்நாடு தானே தந்திருக்கிறது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்துக்கென்று பழவேற்காடு உள்ளிட்ட கடலோர மீனவர்களுக்கு நிவாரணத் தொகை வழங்கப்படுகிறது. எந்த மீனவரும் பட்டினி கிடந்ததை நிரூபிக்க வேண்டியதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் தரப்படுகிறது. உப்பை மழை கரைப்பதுபோல் பச்சைக்கல்லையும் கரைக்கிறது. வேகத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டாம்: பொங்கலுக்கு முன் சில நாட்களுக்குள் மாநிலம் முழுவதும் குடும்ப அட்டைதாரர் கையில் பரிசுத் தொகுப்பைச் சேர்த்துவிடுகிறோம்; 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட மகளிரின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் 1,000 ரூபாய் போய் விழுகிறது. பண்டிகையின் தேதி பஞ்சாங்கத்தில் இருப்பதால் முந்திக்கொள்கிறோம். புயலின் தேதி வானிலை அறிக்கையில் இருந்தும் பிந்திக்கொள்கிறோம். 2023இல் மிக்ஜாம் புயலின் மழை டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டியது; நவம்பர் கடைசியிலேயே அது உருவாகிவந்ததை நாடறியும்; 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைகளில் தரப்படத் தொடங்கியது டிசம்பர் 17இல்.

மூன்றாவது தயக்கம் கனமானது. அதை மதிக்க வேண்டும். முன்னறிந்து கொடுக்க வேண்டுமானால் யார் எங்கே எந்த நிலையில் வாழ்கிறார் என்பதை அரசு முன்பே அறிந்திருக்க வேண்டும். ஏழையின் வீட்டைச் சதா உற்றுநோக்கும் கண் எப்போதும் தயையோடு நோக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. உதவிக்கென்று எடுத்த பட்டியலே புறம்போக்கிலிருந்து வெளியேற்றுவதற்கான பட்டியலாகவும் ஆகலாம். அதோடு, பட்டியலில் இல்லாதவரே பெரும்பாலும் ஆற்றுக்கு மிக அருகில் இருக்கிறார்: சாதிச் சான்றிதழுக்காக அலையும் இருளர், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு உறங்கும் பீகார் இளைஞர், சூளைக்குள்ளேயே குடியிருக்கும் ஒடியாக் குழந்தை. கணினி எவ்வளவு நுட்பமாய் முன்னறிந்தாலும், பதிவில் இல்லாதவரை அது அறியாது. மழை நெருங்கும்போது ஊராட்சிச் செயலாளரும் அங்கன்வாடிப் பணியாளரும் சூளை வாசல்வரை நடந்துபோய், அட்டையைக் கேளாமல் ஆளைப் பார்த்துப் பெயர் எழுதிக்கொள்வதுதான் இதற்குப் பரிகாரம். அப்படி எழுதிய பெயர் வேறு எந்த இலாகாவுக்கும் போகாதென்று விதி செய்வதும் அதோடு சேர வேண்டும்.

பழைய பஞ்ச விதிகள்கூட இதை ஒருவாறு உணர்ந்திருந்தன. 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை தந்தபின் 1883 முதல் மாகாணந்தோறும் வகுக்கப்பட்ட விதிகளில், தானிய விலை ஏறுவதையும், ஜனங்கள் இலக்கின்றி ஊர்விட்டு ஊர் அலைவதையும் அதிகாரிகள் கவனித்து எழுத வேண்டுமென்றிருந்தது. அடையாளங்கள் கூடினால் சோதனை வேலைகளைத் திறந்து, எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கஞ்சத்தனமான ஏற்பாடுதான். ஆயினும் செயல்படுவதற்கான நாள் எது என்பதை, நெருக்கடியின் நடுவே ஓர் அதிகாரியின் தைரியத்துக்கு விடாமல், முன்பே எழுதிவைத்தது அதன் சிறப்பு.

நம் காலத்தில் மாநிலப் பேரிடர் நிதியில் ஆயத்தப் பணிக்கென்று ஒரு பகுதியைப் பதினைந்தாவது நிதிக் குழு ஒதுக்கியது. திருவள்ளூருக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே, ஆரணியாறு, கொசஸ்தலை ஆறு ஆகியவற்றின் கரையோரக் குடும்பங்களுக்கு இன்ன தொகை போகும், புயல் திசைமாறினாலும் அது திரும்பக் கேட்கப்படாது, கையெழுத்திட்ட அலுவலர்மீது குறிப்பெழுதப்படாது என்று ஓர் அரசாணை கோடையிலேயே வெளிவருமானால் போதும். சூளைத் தொழிலாளரின் மழைக்கால உதவிக்கோ வானிலை மையத்தின் சொல்கூட வேண்டியதில்லை. அந்தத் தேதி மேஸ்திரிக்குத் தெரிந்ததுதான், அதற்கு ஒரு வாரம் முந்தி வந்தால் சரி.